பனிநாட்டு வண்டியில் ஓர் அடுப்பு

மோட்டார் வண்டியின் வெப்பத்தைப் போக்குவது எப்படி என்பதே நம் நாட்டுச் சாரதிமாரின் நெடுநாட் கவலையாகும். கடுகண்ணாவை ஏற்றத்திலே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, பொனற்றைத் திறந்து, கொதித்துச் சீறும் றேடியேற்றர் ஆறட்டும் என்று காத்து நிற்பவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீங்களே அவ்வாறு நின்றும் இருக்கலாம். ஆனால் உலகின் வேறொரு பாகத்திலே, இதே வெப்பத்தை வீணே போகவிடாது வண்டிக்குள்ளே கொணர்வதற்கென்று ஓர் உறுப்பு உண்டு. அது பழுதடைந்தால் மாரிகாலத்தில் வண்டியோட்டுவதே அபாயமாகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஹீற்றர் கோர்’ என வழங்கும் அவ்வுறுப்பைப் பற்றியும், பழைய பிக்கப் வண்டியொன்றில் அதனை மாற்றும் முறையைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

எனது மருமகன் ஒருவர் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கிறார். 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம் நாட்டைவிட்டுச் சென்று அங்கே குடியேறிய பல்லாயிரம் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. தச்சுத்தொழில் செய்பவர். மரத்தையும் ஆயுதங்களையும் ஏற்றிச் செல்வதற்காக 1994 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட போர்ட் எப்-150 பிக்கப் வண்டியொன்றை வைத்திருக்கிறார். சென்ற மாரியின் தொடக்கத்தில் அவர் தொலைபேசியில் என்னை அழைத்து, “மாமா, ஹீற்றர் கோர் போன வருசந்தான் கராஜிலே மாத்தினது. இப்ப திரும்பவும் ஒழுகுது. இனிமேல் அந்த இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று கொளுவிவிட்டால் என்ன?” என்று கேட்டார். கேள்வி சிறியது, ஆனால் அதற்குள்ளே இரண்டு கேள்விகள் அடங்கியிருந்தன. இவ்வுறுப்பின்றி வண்டி ஓடலாமா என்பது ஒன்று. புதிதாக வைத்த உறுப்பு ஓராண்டிலே ஏன் கெட்டது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியதோ அதுவே.

விடைக்குச் செல்லுமுன் உறுப்பின் தொழிலை விளங்கிக்கொள்வோம். மோட்டார் எஞ்சினிலே எரியும் பெற்றோலின் சக்தி முழுவதும் சில்லுகளைச் சுழற்றுவதற்குப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அவ்வேலைக்கு உதவுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கை, எஞ்சினின் உடலுக்குள்ளே ஓடுகின்ற நீர் கவர்ந்துகொள்கிறது. இந்நீரைப் பம்பி ஒன்று இடைவிடாது சுற்றிவரச் செய்கிறது. எஞ்சின் போதிய சூடடையும்வரை ‘தேமோஸ்ரற்’ என்னும் சிறு கதவு றேடியேற்றருக்குச் செல்லும் பாதையை அடைத்து வைத்திருக்கும். நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 90 பாகை செல்சியசை அணுகும்போது அக்கதவு திறக்கும். அப்பொழுது நீர் முன்புறத்து றேடியேற்றருக்குச் சென்று, தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவரும்.

இவ்வாறு காற்றிலே கலந்து வீணாகும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கை வண்டியிலிருப்பவர்க்கு உதவச் செய்வதே ஹீற்றர் கோரின் வேலை. அது மற்றொரு றேடியேற்றரேயாகும். ஆனால் மிகச் சிறியது. ஏறத்தாழ ஒரு பள்ளிக் கொப்பியின் நீள அகலமும், இரண்டு அங்குலம் வரை தடிப்பும் உடையது. மெல்லிய குழாய்கள் பல வரிசையாக நிற்க, அவற்றுக்கிடையே இன்னும் மெல்லிய தகடுகள் மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். முற்காலத்தில் செப்பினாலும் பித்தளையினாலும் செய்து ஈயப்பற்று வைத்து ஒட்டினார்கள். பின்னர் பாரமும் விலையும் குறைந்த அலுமினியம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. எஞ்சினிலிருந்து இரண்டு றப்பர்க் குழாய்கள் புறப்பட்டு, எஞ்சினையும் சாரதியின் அறையையும் பிரிக்கும் இரும்புத் தடுப்பின் துவாரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் இதன் இரு வாய்களோடு பொருந்துகின்றன. ஒன்றால் சுடுநீர் வரும்; மற்றதால் திரும்பிச் செல்லும். மின்விசிறி ஒன்று இத்தகடுகளினூடாகக் காற்றை ஊதும். சூடேறிய அக்காற்று கால்களுக்கும், வேண்டும்போது முன்கண்ணாடிக்கும் செல்லும். தனியாக எரிபொருள் வேண்டாத அடுப்பு என்று இதனைச் சொன்னால் தவறாகாது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இவ்வசதி இருக்கவில்லை. குளிர்நாட்டவர் கம்பளியால் உடலை மூடிக்கொண்டு, காலடியில் சூடேற்றிய கற்களை வைத்துக்கொண்டு வண்டியோட்டினார்கள். எஞ்சினின் சுடுநீரைக் கொண்டு வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் வழக்கம் 1930களிலே பரவியது. வெளியிலிருந்து புதுக்காற்றை எடுத்து, அதனைச் சூடாக்கி உள்ளே செலுத்தும் முறையை 1938 இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் தனது கார்களில் அமைத்தது. இன்றைய வண்டிகளிலும் அதே முறைதான் தொடர்கிறது.

இது சுகத்துக்கான பொருள் மாத்திரமே என்று நினைப்போரும் உளர். மழைநாளிலோ, நுவரெலியாவின் பனிக்காலைப் பொழுதிலோ, ஆட்கள் நிறைந்த பேருந்தின் கண்ணாடிகள் உட்புறத்தில் மங்கிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். நம் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியிலே பட்டு, ஒடுங்கி, நுண்ணிய நீர்த்துளிகளாகப் படிவதே அம்மங்கலுக்குக் காரணம். நம் நாட்டில் அதனைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் செல்லலாம். கனடாவின் வின்னிப்பெக் நகரில், தை மாதத்து இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிர் சாதாரணமானது. அத்தகைய குளிரிலே, கண்ணாடியிற் படிந்த ஈரம் உள்ளேயே உறைந்து வெண்படலமாகிவிடும். துடைத்தால் நீங்காது, சுரண்டினாலும் சிறிது நேரத்தில் மீண்டும் படியும். சூடான காற்றோ தன்னுள் அதிக நீராவியைக் கொள்ளவல்லது. கண்ணாடியையும் வெதுவெதுப்பாக்கி, அங்குள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஆதலால் ஹீற்றர் சாரதியின் கைகால்களை மட்டுமன்றி, அவருடைய பார்வையையும் காக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1968 இல் நடைமுறைக்கு வந்த வாகனப் பாதுகாப்பு விதிகளுள் 103 ஆம் விதி, முன்கண்ணாடியின் பனியையும் மங்கலையும் நீக்கும் அமைப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது இதனாலேயே.

இவ்வுறுப்பு கெடும் வழிகள் இரண்டு. ஒன்று அடைப்பு, மற்றது ஒழுக்கு. அடைப்பு ஏற்பட்டால் காற்று வரும், சூடு வராது. எஞ்சின் சூடேறியபின், தடுப்புத் தகட்டருகே இரு றப்பர்க் குழாய்களையும் கையால் அவதானமாகத் தொட்டுப் பார்த்தால் குறிப்பு அறியலாம். இரண்டும் சூடாயிருந்தால் கோரிலே நீர் ஓடுகிறது. குறை, காற்றைத் திருப்பும் கதவிலோ விசிறியிலோ இருக்கலாம். ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் கோர் அடைபட்டிருக்கலாம். இரண்டும் குளிர்ந்திருந்தால் கோரைக் குறைகூறுவதற்கு முன்னர் வேறிடங்களைப் பார்க்க வேண்டும். நீர் குறைந்திருக்கலாம், உள்ளே காற்றுச் சிக்கியிருக்கலாம், அல்லது தேமோஸ்ரற் மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டிருக்கலாம்.

ஒழுக்கின் குறிகள் வேறு. வண்டிக்குள்ளே ஒருவகை இனிப்பு மணம் எழும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் பூசியதுபோன்ற மங்கல் படியும். துடைத்தால் அது போகாது, இழுபடும். பக்கத்து இருக்கையின் காலடிக் கம்பளம் ஈரமாகும். நிலத்திலே ஒரு துளியும் விழாதிருக்க, றேடியேற்றரின் நீரோ நாளுக்கு நாள் குறையும். கம்பளத்து ஈரம் மழைநீராகவும் இருக்கக்கூடும். குளிரூட்டியின் வடிநீராகவும் இருக்கக்கூடும். வெள்ளைக் காகிதமொன்றை அதில் ஒற்றிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் அது எஞ்சினின் திரவம். நாவில் வைத்துச் சுவை பார்ப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

இனி, இரு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைப்பது பற்றிய மருமகனின் யோசனை. இத்தகைய பழைய பிக்கப் வண்டியில் அது செய்யக்கூடியதே. கோருக்குச் செல்லும் நீரை உடனே திருப்பி எஞ்சினுக்கு அனுப்பிவிடலாம். எஞ்சினுக்கு அதனால் தீங்கில்லை. நடுவழியில் ஒழுக்குத் தொடங்கினால் வீடுவந்து சேர்வதற்கு இது நல்ல உபாயம். வெப்பநாட்டில் இதனால் பெரிய இடர் எதுவும் இல்லை. ஜப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பழைய வண்டிகளிலும் இக்கோர் உண்டு. ஒழுகினால் குழாயை இணைத்துவிட்டு அதனை மறந்துவிட நம்மால் முடியும். ஆனால் ஒன்ராறியோவின் மாரியில், விடிவதற்கு முன் பெருந்தெருவில் இறங்குபவருக்குக் கண்ணாடி தெளிவதற்கு வேறு வழியில்லை. “கோடை வரும்வரை வண்டியை நிறுத்திவைப்பதானால் இணைத்துவிடு, ஓட்டுவதானால் மாற்று” என்று அவருக்குச் சொன்னேன்.

ஒழுக்கை அடைக்கும் தூள்களும் பசைகளும் கடைகளில் விற்பனையாகின்றன. அவை துவாரத்தை மட்டும் தேடிச் சென்று அடைப்பனவல்ல. ஒடுக்கமான வழி எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் படியக்கூடியவை. ஹீற்றர் கோரின் குழாய்களோ மிகமிக ஒடுக்கமானவை. ஒழுக்கு நிற்பதோடு சூடும் நின்றுவிடுவதே பலருடைய அனுபவம்.

மாற்றும் வேலைக்கு வருவோம். இவ்விடயத்தில் மருமகனுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. 1980 முதல் 1996 வரை செய்யப்பட்ட போர்ட் எப்-150 வண்டிகளில், கோர் இருக்கும் இடம் எளிதில் எட்டக்கூடியது. சாரதிக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், கடதாசிகளும் திறப்புகளும் போட்டுவைக்கும் சிறு பெட்டிக்கு நேர்பின்னால், பிளாத்திக்கு மூடியொன்றுக்குள்ளே அது நிற்கிறது. கனடாவில் சாரதி இடப்புறத்தில் இருப்பதால், இப்பெட்டி வலப்புறத்தில் உள்ளது.

முதலாவது விதி, எஞ்சின் முற்றாக ஆறியிருக்க வேண்டும். றேடியேற்றரின் மூடி நீரை அமுக்கத்தில் வைத்திருக்கிறது. திறந்த பாத்திரத்திலே 100 பாகையில் கொதிக்கும் நீர், அவ்வமுக்கத்தில் ஏறக்குறைய 120 பாகைவரை கொதியாது நிற்கும். சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் அமுக்கம் ஒரு கணத்தில் நீங்கி, நீர் அக்கணமே கொதித்து மேலே பாயும். முகமும் கைகளும் வெந்துபோனவர் பலர். ஆறியபின்னர் பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, றேடியேற்றரின் அடித் திருகைத் திறந்து, கோரின் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை திரவத்தை அகன்ற பாத்திரமொன்றில் வடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தடுப்புத் தகட்டருகேயுள்ள இரு குழாய்களையும் கழற்றுதல். எந்தக் குழாய் எந்த வாயிலே இருந்தது என்பதை முன்னரே அடையாளமிட்டுக்கொள்வது நன்று. பல ஆண்டுகள் இறுகிய றப்பர் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனை முறுக்கி இழுத்தல் ஆகாது. கூரிய கத்தியால் நீளவாட்டில் கீறி உரித்தெடுப்பதே முறை. குழாய்களையும் புதிதாக மாற்றுவதே அறிவுடைமை. அவற்றின் விலை சொற்பம். பின்னர் ஒரு வாயினுள் மெதுவாகக் காற்றை ஊதி, மறுவாய் வழியே வரும் மிச்சத் திரவத்தை எஞ்சின் பக்கத்திலேயே பாத்திரமொன்றில் ஏந்திக்கொள்ள வேண்டும். இதனைச் செய்யாதவர், கோரை வெளியே எடுக்கும்போது அத்திரவம் முழுவதையும் தம் வண்டியின் கம்பளத்தில் ஊற்றிக்கொள்வார்.

இப்பொழுது வண்டியின் உட்புறம். கம்பளத்தின் மீது பொலித்தீன் விரிக்க வேண்டும். முன்பெட்டியைத் திறந்து, அதன் இரு பக்கங்களையும் உள்நோக்கி அமுக்கினால், தடைகளிலிருந்து விடுபட்டுக் கீழே தொங்கும். பின்னால் பிளாத்திக்கு மூடி தெரியும். அதனைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். கோரும் தன் இரு வாய்களைத் துவாரங்களிலிருந்து இழுத்துக்கொண்டு, நம்மை நோக்கி வழுக்கி வரும். பழைய வண்டிகளில் அப்பெட்டிக்குள்ளே உலர்ந்த சருகும் தூசியும் குவிந்திருப்பது வழக்கம். அவற்றைத் துப்புரவாக்காமல் புதிய கோரை வைத்தால், காற்றோட்டம் தடைபட்டுச் சூடு குறையும்.

புதிய கோரைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, வாய்களின் அளவும் வளைவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் விளிம்பைச் சுற்றி மென்பஞ்சுப் பட்டி ஒட்டுதல் அவசியம். இல்லையேல் காற்று தகடுகளினூடே செல்லாது, ஓரத்து இடைவெளியால் குளிராகவே தப்பிச் சென்றுவிடும். வைத்தபின் மூடியை உடனே பூட்டிவிடலாகாது. குழாய்களை இணைத்து, திரவத்தை நிரப்பி, எஞ்சினை ஓட்டி, அது சூடேறியபின் கோரின் வாய்களையும் மூலைகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, எங்கும் ஈரமில்லை என்று உறுதிசெய்த பின்னரே திருகாணிகளை முடுக்க வேண்டும். திருகாணிகளை இருமுறை கழற்றாமலிருப்பதற்கு இச்சிறு பொறுமையே வழி.

திரவத்தை நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். வண்டியின் முன்புறம் சற்று உயர்ந்திருக்கும்படி சரிவிலே நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி தொடக்கி ஓட்டினால், தேமோஸ்ரற் திறந்ததும் குமிழிகள் வெளியேறும், மட்டமும் இறங்கும். இறங்கிய அளவை நிரப்பி மூடிவிட்டு, மறுநாட் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்னொருமுறை மட்டத்தைப் பார்ப்பது நல்லது.

இவ்வேலை முழுவதையும் மருமகன் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் முடித்துவிட்டார். எல்லா வண்டியும் இவ்வாறு இரக்கங்காட்டுவதில்லை. 1997 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த அதே போர்டின் மறுவடிவிலும், 1994 முதல் 2001 வரையான டொட்ஜ் றாம் பிக்கப் வண்டிகளிலும், கோரை எட்டுவதற்கு டாஷ்போட் முழுவதையும் அகற்றவோ பின்னே சாய்க்கவோ வேண்டியிருக்கிறது. சுக்கானின் தண்டு இறங்க வேண்டும். மின்கம்பிக் கொத்துகள் கழல வேண்டும். கோர் இருக்கும் பெட்டியிலேயே குளிரூட்டியின் உறுப்பும் சேர்ந்திருந்தால், அதிலுள்ள வாயுவையும் முதலில் எடுத்தாக வேண்டும். அவ்வாயுவைக் காற்றிலே திறந்துவிடுவது வளிமண்டலத்துக்குத் தீங்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1992 முதல் அது குற்றமுமாகும். அதற்குரிய கருவி உடையவரே அதனைச் செய்ய வேண்டும். ஆதலால் பலவேளைகளில் கோரின் விலை சிறிதாயிருக்க, அதனை எட்டும் கூலியே பெரிதாகிறது. மறுபடியும் மறுபடியும் செய்யத்தக்க வேலையன்று இது.

ஆகவே மருமகன் கேட்காதுவிட்ட கேள்விக்கு வருகிறோம். ஓராண்டில் கோர் ஏன் கெட்டது? முதலாம் முறை வேலைசெய்த கராஜில் கோரை மாத்திரம் மாற்றி, வடித்தெடுத்த பழைய திரவத்தையே திரும்ப ஊற்றியிருந்தார்கள். பழைய கோரைக் கொன்றது எதுவோ, அது புதிய கோரையும் கொன்றுவிட்டது.

எஞ்சினில் ஓடுவது வெறும் நீரன்று. நீர் உறையும்போது பருமனில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு விரிகிறது. இரும்பு எஞ்சினையும் பிளக்கும் வலிமை அவ்விரிவுக்கு உண்டு. இதனைத் தடுப்பதற்காக எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தை நீரிலே கலக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்தால், பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகைவரை கலவை உறையாது. கிளைக்கோலை மட்டும் தனியே ஊற்றினால் இன்னும் நன்மை என்று எண்ணிவிட வேண்டாம். தனிக் கிளைக்கோல் பூச்சியத்துக்குக் கீழ் 13 பாகையளவிலேயே உறைந்துவிடும். இரண்டும் கலந்தபோதுதான் இரண்டிலும் இல்லாத குணம் பிறக்கிறது. இக்கலவையிலே உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் மருந்துகளும் சிறிதளவு சேர்ந்துள்ளன. அவை காலப்போக்கில் செலவழிந்துபோகும். அக்காலத்துப் பச்சைநிறத் திரவத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி கூறியது இதற்காகவே. மாற்றாதுவிட்டால் திரவம் புளித்து அமிலத்தன்மை பெறும். எஞ்சினின் மிக மெல்லிய உலோகம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் முதலில் துளை விழும்.

ஊற்றும் நீரின் தன்மையும் முக்கியமானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியின் கிணற்றுநீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குள்ளே வெள்ளையாகப் படியும் காரையை நீங்கள் அறிவீர்கள். அதே காரை எஞ்சினுக்குள்ளும் கோருக்குள்ளும் படியும். ஆதலால் வாலைவடித்த நீரைக் கலப்பதே நன்று.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. எஞ்சினையும் வண்டியின் உடலையும் பற்றரியின் எதிர்முனையோடு இணைக்கும் தடித்த கம்பிகள் உண்டு. அவற்றின் முனைகள் துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ, மின்னோட்டம் வேறு வழி தேடும். உப்பும் அமிலமும் சேர்ந்த பழைய திரவம் அதற்கு வழியாகிறது. அவ்வாறு மின்னோட்டம் செல்லுமிடத்தில், உலோகம் அணுவணுவாகக் கரைந்து நீரிலே போய்விடும். மின்முலாம் பூசும் தொட்டியில் நிகழ்வதும் இதுவே. அங்கே நாம் வேண்டிச் செய்கிறோம், இங்கே அது நம்மை அறியாமல் நடக்கிறது.

இதனைச் சோதிப்பது எளிது. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, வோல்ற்றுமானியின் நேர்முனையை உலோகத்திற் படாமல் திரவத்துள்ளே அமிழ்த்தி, மறுமுனையைப் பற்றரியின் எதிர்முனையில் வைக்க வேண்டும். பின்னர் விளக்கு, விசிறி முதலியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, எஞ்சினைத் தொடக்கும்போதும் மானியைக் கவனிக்க வேண்டும். 0.4 வோல்ற்றுக்கு மேலே காட்டினால், திரவத்தையோ மின்கம்பிகளையோ உடனே கவனிக்க வேண்டும் என்பது குறிப்பு. மருமகனின் வண்டியில் எஞ்சினைத் தொடக்கும்போது அவ்வெல்லை தாண்டியது. தேடிப் பார்த்தபோது எஞ்சினின் பின்புறத்துக் கம்பியின் முனை பச்சைப் பாசிபோற் களிம்பேறிக் கிடந்தது. அதனைச் சுரண்டித் துலக்கி இறுக முடுக்கி, எஞ்சினின் உட்புறத்தை நன்றாகக் கழுவி, புதிய திரவத்தை ஊற்றியபின்னர், மானியின் முள் அசைந்தும் அசையாததுமாய் நின்றது. கோரை மாற்றியதனிலும் மேலான திருத்தம் இதுவே. இரண்டு மாரிகளாவது கடந்த பின்னரே நாம் வெற்றியென்று கூறலாம். ஆயினும், ஒழுக்கின் காரணத்தை அறியாது மூன்றாவது கோரை வாங்கவேண்டிய நிலையிலிருந்து அவர் தப்பினார்.

வடித்தெடுத்த பழைய திரவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறாமல் முடிப்பது தகாது. எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது. ஆனால் கொடிய நஞ்சு. ஒரு தேக்கரண்டியளவே ஒரு பூனையைக் கொல்லப் போதும். உட்கொண்டவர் முதலில் வெறிகொண்டவர்போல் தள்ளாடுவார். பின்னர் உடலுக்குள்ளே அது அமிலங்களாக மாறி, சிறுநீரகங்களில் நுண்ணிய பளிங்குகளாகப் படிந்து, அவற்றின் தொழிலையே நிறுத்திவிடும். இதற்கு மாற்றுமருந்து உண்டு. ஆனால் மணித்தியாலக் கணக்கில், தாமதமின்றி வைத்தியசாலைக்குச் சென்றால்தான் அது பயன்படும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று முன்னர் கூறியது இதனாலேயே. இனிப்பை மறைப்பதற்காகக் கசப்புப் பொருள் சேர்க்கும் உற்பத்தியாளர் இக்காலத்தில் உளர். அதனை நம்பி அசட்டையாயிருத்தல் கூடாது. வடித்த பாத்திரத்தைக் குழந்தைகளும் நாய் பூனைகளும் நடமாடுமிடத்தில் ஒரு நிமிடமேனும் விட்டுச் செல்லற்க. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கற்க. வடிகாலிலோ கிணற்றருகிலோ கொட்டற்க. மூடியுள்ள கலத்தில் அடைத்து, பெயரெழுதி, கழிவெண்ணெய் முதலியவற்றைப் பொறுப்பேற்கும் இடத்தில் ஒப்படைப்பதே முறை. நனைந்த கம்பளத்தையும் வெளியே எடுத்துச் சவர்க்கார நீரால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் விரிக்க வேண்டும்.

நேயர்களே, நம்முட் பெரும்பாலோர் பனிபொழியும் தெருவில் ஒருநாளும் வண்டியோட்டப் போவதில்லை. எனினும் அங்கே ஓட்டுகின்ற மகனோ, மகளோ, மருமகனோ நம்முட் பலருக்கு இருக்கின்றனர். அடுத்தமுறை அவர்கள் தொலைபேசியில் அழைக்கும்போது, சுகநலம் விசாரிப்பதோடு, “வண்டியின் ஹீற்றர் நன்றாக வேலைசெய்கிறதா? கண்ணாடி தெளிகிறதா? திரவத்தை எப்போது மாற்றினீர்கள்?” என்றும் கேட்டுவிடுங்கள். அவர்கள் சிரிக்கலாம். சிரித்தபின் வெளியே சென்று, பொனற்றைத் திறந்து பார்ப்பார்களாயின், கேட்ட கேள்வி பயன் தந்ததாகும்.